குடிநீர் ஃபுளோரைடு பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், எதை வைப்பது எதை விடுவது?

தகடூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், சொந்த ஊர் தருமபுரி பக்கம். அடுத்த மாதம் எங்கள் துறையில் சுற்றுச்சூழலும் மக்கள் உடல்நலமும் என்று மாணவர் கருத்தரங்கு நடக்கிறது. ஆளுக்குப் பத்து நிமிடம் பேச்சு, அப்புறம் ஐந்து நிமிடம் கேள்வி. என் பிராஜெக்ட் குடிநீரில் உள்ள ஃபுளோரைடு பற்றியது. எங்கள் ஊரைச் சுற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட போர்வெல்களில் தண்ணீர் எடுத்து லேபில் அளந்தேன். ஒரு பல் மருத்துவர் கூட வந்ததால் பக்கத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பற்களையும் பார்க்க முடிந்தது.

போன வாரம் துறைக்குள் ஒத்திகை மாதிரி ஒரு ரிவியூ வைத்தார்கள். 22 ஸ்லைடு கொண்டு போனேன், ஒன்பதாவது ஸ்லைடில் மணி அடித்துவிட்டது. அதுவரை பாறை வகை, மழையளவு, மாவட்ட வரைபடம் இவைதான் ஓடியிருந்தன, பிள்ளைகளின் பல் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்வி நேரத்தில் ஒரு மேடம், "பற்பசையில் ஃபுளோரைடு நல்லது என்று போடுகிறார்கள், நீ கெடுதல் என்கிறாய், எது சரி?" என்றார். நான் தடுமாறினேன். அடுத்து ஒரு சார், "இந்தப் பிள்ளைகளின் பல் இந்தத் தண்ணீரால்தான் இப்படி ஆனது என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருக்கிறதே சார் என்றேன். அது பதில் இல்லை என்றார். வீட்டுக்கு வந்தும் அந்த ஒரு வரி மனதை விட்டுப் போகவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது நியாயம்தான் என்று எனக்கே தோன்றுகிறது.

எதை வெட்டுவது, இந்த இரண்டு கேள்விக்கும் எப்படிப் பதில் சொல்வது, இரண்டையும் சொல்லுங்கள். தமிழிலும் பேசலாம், ஆங்கிலத்திலும் பேசலாம் என்று விட்டிருக்கிறார்கள். எனக்குத் தமிழில்தான் யோசனை ஓடுகிறது, ஆனால் படித்த சொற்கள் எல்லாம் ஆங்கிலம்.

ஆழ்துளை:

தங்கச்சி, நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன், மாணவர்கள் மாதிரி எடுத்துக்கொண்டு வருவதையும் பார்க்கிறேன், சில கல்லூரிகளில் அவர்கள் பேசும்போது உட்கார்ந்து கேட்டும் இருக்கிறேன். நீ சொன்ன தவறு பத்தில் எட்டுப் பேர் செய்வது. அளந்த எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை, கஷ்டப்பட்டு அளந்திருக்கிறோமே. பிஎச், டிடிஎஸ், கடினத்தன்மை, குளோரைடு, சல்பேட் என்று பன்னிரண்டு பத்தி அட்டவணை ஒன்று உன்னிடமும் இருக்கும், கடைசி வரிசையில் இருப்பவருக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். அதை எடுத்துவிட்டு ஒரே ஒரு படம் போடு. ஒவ்வொரு போர்வெல்லும் ஒரு புள்ளி, குறுக்கே லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்புக்கு ஒரு கோடு. கோட்டுக்கு மேலே எத்தனை, கீழே எத்தனை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அந்த அட்டவணையிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் மட்டும் விட்டுவிடாதே. உன் பாறைக் கதை முழுவதும் அந்த இரண்டில்தான் இருக்கிறது. உங்கள் பக்கம் கிரானைட், நைஸ் மாதிரியான கடினப் பாறை. அதிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அப்படைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. எண்ணூறு, ஆயிரம் அடி ஆழத்தில் தண்ணீர் அந்தப் பாறையோடு எவ்வளவோ காலம் உரசிக்கொண்டு கிடக்கிறது. தண்ணீரில் கால்சியம் தாராளமாக இருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் கால்சியம் கார்பனேட்டாகி முன்பே படிந்து குறைந்துபோகிறது, பிறகு ஃபுளோரைடைப் பிடித்து நிறுத்த ஆளில்லை, கரைந்தபடியே மேலே வருகிறது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மழையளவு, மாவட்ட வரைபடம், மண் வகை மூன்றுக்கும் இந்தப் பேச்சில் வேலை இல்லை.

அடுத்தது, கேட்பவர் மனதில் நிற்கிற மாதிரி ஒரு கணக்கு போட்டுக் காட்டு. லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளைக்கு 2 லிட்டர் குடித்தால் உள்ளே போவது 6 மில்லிகிராம், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். அதே வீட்டில் 15 கிலோ எடையுள்ள குழந்தை 1 லிட்டர் குடித்தால் 3 மில்லிகிராம்தான், ஆனால் கிலோவுக்கு 0.2. ஒரே குடத்துத் தண்ணீர், குழந்தைக்குக் கணக்கு இரண்டு மடங்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நாள்தோறும் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று வைத்திருக்கும் அளவு கிலோவுக்கு 0.06 மில்லிகிராம். பெரியவர் அதைத் தாண்டிவிட்டார், குழந்தை மூன்று மடங்குக்கு மேல் தாண்டிவிட்டது. இதுவும் குடிக்கும் தண்ணீரை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு, சோறும் களியும் பருப்பும் அதே தண்ணீரில்தான் வேகின்றன. உன் பேச்சின் நடுவில் இந்த ஒரு ஸ்லைடு இருந்தால் மற்றதெல்லாம் தானாக அதன் இரண்டு பக்கமும் வந்து உட்காரும்.

வரம்பு அளவைப் பற்றிக் கேள்வி வரும், தயாராக இரு. நம் இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 இரண்டு எண் சொல்கிறது. ஏற்கத்தக்கது 1.0, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் அனுமதிப்பது 1.5. பல பேர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் 1.5. யாராவது நன்கு படித்தவர் இருந்தால் "அமெரிக்காவில் 4 வரை விடுகிறார்களே" என்பார். அந்த 4 என்பது 1986ல் எலும்பை முடக்கும் அளவுக்கான ஃபுளோரோசிஸைத் (ஃபுளோரைடு மிகுவதால் பல்லிலும் எலும்பிலும் வரும் நோய்) தடுக்க வைத்த எண், பல்லைக் காப்பாற்ற வைத்ததில்லை. அதைக் குறைக்க வேண்டும் என்று அவர்களுடைய தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழுவே 2006ல் சொல்லிவிட்டது. அதோடு நம் ஊர் வெயிலில் குடிக்கும் தண்ணீரும் அதிகம்.

அப்புறம் நீ எந்த முறையில் அளந்தாய் என்று எழுதவில்லை. அயனி மின்முனையில் அளந்திருந்தால் டிசாப் கரைசல் சேர்த்தாயா என்று கேட்பார்கள், அலுமினியமும் இரும்பும் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொண்டால் அளவு குறைவாகக் காட்டும், அதை விடுவிக்கத்தான் அந்தக் கரைசல். நிறம் பார்க்கும் கிட்டில் அளந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடு. சில மாதிரிகளை இரண்டு முறை அளந்திருந்தால் அதை ஒரு வரியில் சொன்னாலே பேனலில் பாதிப் பேர் உன்னை நம்பத் தொடங்கிவிடுவார்கள்.

சுகாதார வாத்தியார்:

ஆழ்துளை சார் தண்ணீர்ப் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் பல் பக்கத்துக்கு வருகிறேன். பொதுச் சுகாதாரம் கற்பிப்பவன் நான், அந்த சார் கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பதில் தேடிப் போனால் உங்கள் பிராஜெக்ட்டே இன்னும் கூர்மையாகிவிடும்.

பல்லின் எனாமல் உருவாகும் காலத்தில், அந்த எனாமலைக் கட்டும் செல்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது உடம்புக்குள் போகும் ஃபுளோரைடு அதிகமானால்தான் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் வரும். முன்பற்களுக்கு அந்தக் காலம் பிறந்த சில மாதங்களிலிருந்து நான்கைந்து வயது வரை. பின்னால் உள்ள பற்களில் ஞானப்பல்லைத் தவிர மற்றவற்றுக்கு ஏழெட்டு வயது வரை போகும். அதற்குப்பின் எவ்வளவு குடித்தாலும் அந்தப் பற்களில் புதிதாகக் கறை வராது, எலும்பில் சேரும் என்பது வேறு விஷயம். இப்போது யோசித்துப் பாருங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. அதன் முன்பல்லில் நீங்கள் பார்த்தது ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய தண்ணீரின் கையெழுத்து. லேபில் அளந்ததோ இந்த வருடத் தண்ணீர். இரண்டையும் பக்கத்தில் வைத்து "இதனால் அது" என்று சொன்னால் நடுவில் ஏழெட்டு வருட இடைவெளி இருக்கிறது. அந்த சார் கையை வைத்தது அந்த இடைவெளியில்தான்.

உங்கள் மாவட்டத்தில் இதற்கு ஒரு அருமையான வாசல் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஃபுளோரோசிஸைத் தடுக்கவென்றே போடப்பட்டது, அதன் பெயரிலேயே அது இருக்கிறது. ஜப்பான் நிதியுதவியில் கட்டி 2013ல் திறந்தார்கள். காவிரித் தண்ணீரில் ஃபுளோரைடு பிரச்சினை இல்லை. ஆகவே உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கிட்டத்தட்ட அந்தக் குழாய் வந்த காலத்திலும் அதற்குப் பிறகும் பால் குடித்து, சோறு தின்று வளர்ந்தவர்கள். அவர்களின் அண்ணன் அக்காமார் அதற்கு முன் போர்வெல் தண்ணீரில் வளர்ந்தவர்கள். எந்தத் தெருவுக்குக் குழாய் எந்த வருடம் வந்தது, வந்த பிறகும் சமையலுக்குப் போர்வெல் தண்ணீரையே எடுத்தார்களா, வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வருகிறது, இவற்றை வீடுவீடாகக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் அதுதான் உங்கள் பேச்சின் உயிர். கேட்கவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, நாற்பது வீடு கேட்டுவிட முடியும். பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை எந்தத் தண்ணீர் என்ற ஒரே கேள்வி போதும், அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் அது நன்றாக ஞாபகம் இருக்கும்.

அப்படிக் கேட்ட பிறகும்கூட "நிரூபித்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். ஒரு காலத்தில் ஒரு முறை பார்க்கும் ஆய்வு உங்களுடையது, அதில் தொடர்பு தெரியும், காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் ஆய்வு தனியாக நிற்கவில்லையே. ஷார்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம் இதை விவரித்து எழுதிவிட்டார்கள். நல்கொண்டாவில் பிள்ளைகளின் முட்டிக்கால் வளைவதை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1970களில் எழுதினார்கள். அமெரிக்காவில் டீன் என்ற பல் மருத்துவர் தண்ணீரில் அளவு கூடக்கூடப் பல்லில் கறை கூடுவதை 1930களிலிருந்து ஊர் ஊராகப் பார்த்து ஒரு அளவுகோலே செய்தார், உங்கள் பல் மருத்துவர் பயன்படுத்தியதும் அனேகமாக அந்த டீன் அளவுகோல்தான். காரணம் என்பது இப்படிப் பல இடத்துச் சாட்சி சேர்ந்து ஏற்கெனவே நிலைநாட்டப்பட்டது, எங்கள் ஊரிலும் அதே சங்கிலி நடந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை என்று சொன்னால் எந்தப் பேனலும் ஒத்துக்கொள்ளும்.

பற்பசைக் கேள்விக்குப் பதில் சுலபம். பற்பசை பல்லின் மேற்பரப்பில் வேலை செய்கிறது, துப்பிவிடுகிறோம். குடிநீர் வயிற்றுக்குள் போய் இரத்தம் வழியாக இன்னும் முளைக்காத பல்லைத் தொடுகிறது. எவ்வளவு, எந்த வழியாக, எந்த வயதில் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்காமல் ஒரு பொருளை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது. குறைந்த அளவு ஃபுளோரைடு சொத்தைப்பல்லைத் தடுக்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் பற்பசையை விழுங்குவார்கள், அதனால்தான் அவர்களுக்கு அரிசி மணி அளவு, பட்டாணி அளவு என்று சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விறகடுப்பு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரி செமினார் இருக்கிறது, தலைப்பு வீட்டுக்குள் விறகுப் புகை. கையடக்கக் கருவி ஒன்றை வைத்துச் சமையல் நேரத்தில் இரண்டு மணி நேரம் பிஎம் 2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள் அளந்தேன். உலக சுகாதார நிறுவன அளவைவிட இத்தனை மடங்கு என்று போடலாமா?

சுகாதார வாத்தியார்:

போடாதீர்கள். கேள்வி வந்தால் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான். 2021ல் அவர்கள் சொன்ன கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பது வருடச் சராசரி, 15 என்பது 24 மணி நேரச் சராசரி. நம் நாட்டுத் தரநிலையில் அதே இரண்டும் 40, 60. இரண்டு மணி நேர அடுப்பு நேரத்து அளவை வருடச் சராசரியோடு ஒப்பிட்டால் மடங்கு பெரிதாகத் தெரியும், ஆனால் அது சரியான ஒப்பீடு இல்லை. முடிந்தால் ஒரு வீட்டிலாவது 24 மணி நேரம் கருவியை ஓட விடுங்கள். முடியாவிட்டால் அதே வீட்டில் அடுப்பு எரியாத நேரத்து அளவோடும், பக்கத்தில் கேஸ் அடுப்பு வைத்திருக்கும் வீட்டின் சமையல் நேரத்து அளவோடும் ஒப்பிடுங்கள். கருவியை அடுப்பு முன் உட்காரும் அம்மாவின் மூக்கு உயரத்தில் வைத்தீர்களா, பரண் மேலே வைத்தீர்களா என்பதையும் சொல்ல வேண்டும். நிறைய உயரத்தில் வைத்துவிட்டு அளவு குழப்பமாக வந்திருக்கிறது என்று மாணவர்கள் வருவார்கள்.

பாலக்கோடு:

நான் படிப்பு சம்பந்தப்பட்டவன் இல்லை. தேடிக்கொண்டிருந்தபோது ஊர்ப் பெயர் பார்த்து உள்ளே வந்தேன். எனக்கு வயது முப்பத்தெட்டு. என் பல் நீங்கள் படத்தில் காட்டப் போகும் பல்தான். எங்கள் பக்கம் காவி ஏறிய பல் என்போம். சின்ன வயதில் அது தண்ணீரால் என்று யாரும் சொல்லவில்லை, ஒழுங்காகப் பல் விளக்காதவன் என்றுதான் வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். கரியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து ஈறு கிழிந்ததுதான் மிச்சம். பெண் பார்க்கப் போனபோது வாயைத் திறந்து சிரிக்காதே என்று அம்மா சொல்லி அனுப்பினார். போட்டோவில் இன்றுவரை உதட்டை மூடித்தான் நிற்கிறேன்.

அந்தத் தண்ணீரில் உப்பு கரிக்காது, நிறம் கிடையாது, குடிக்க இனிப்பாகவே இருக்கும். எங்களுக்கு நல்ல தண்ணி என்றால் உப்பில்லாத தண்ணி, அவ்வளவுதான் கணக்கு. அதை நம்பித்தான் குடித்தோம். அம்மா இப்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் இருக்கிறார், அது வயதாலா தண்ணீராலா என்று மருத்துவர் பிரித்துச் சொல்லவில்லை.

உங்களிடம் கேட்க வேண்டியது இரண்டு. பிள்ளைகளின் முகத்தோடு படம் போடாதீர்கள் அம்மா. பல் மட்டும் தெரிகிற மாதிரி, யார் என்று கண்டுபிடிக்க முடியாத மாதிரி போடுங்கள். பள்ளி பேரும் வேண்டாம். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது பேச்சாகும், அதை வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சொன்னால் புரியாது. இரண்டாவது, எங்கள் கிராமத்துக்குக் காலேஜ் பிள்ளைகள் மூன்று முறை வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவரும் திரும்பி வந்து இந்தப் போர்வெல்லில் இவ்வளவு என்று சொன்னதில்லை. நீங்கள் மேடையில் சொல்வதற்கு முன்னால் தண்ணீர் கொடுத்த வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஆழ்துளை:

பாலக்கோடு அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் கூடத்திலும் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு, அது யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

தங்கச்சி, வீட்டுக்குப் போய்ச் சொல்லும்போது எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பயம்தான் மிஞ்சும். உடனே அவர்கள் கேட்பது, கொதிக்க வைத்துக் குடிக்கலாமா என்றுதான். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அளவு சற்றுக் கூடவே செய்யும். இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், கிருமிக்காகக் கொதிக்க வைக்கும் நல்ல பழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிடவும் கூடாது. மண்பானை, துணி வடிகட்டி, மெழுகுவர்த்தி மாதிரியான ஃபில்டர் எதிலும் போகாது. ஆர்ஓ குறைக்கும். கிளர்வூட்டிய அலுமினாவும் குறைக்கும், அதை அவ்வப்போது மீட்டெடுக்கவோ மாற்றவோ வேண்டும். நாக்பூர் நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கித் தெளியவிடுவார்கள், அளவு தெரியாமல் வீட்டில் செய்வதை நான் சொல்லித்தர மாட்டேன். ஆற்றுத் தண்ணீர் குழாயோ மழைத் தண்ணீர் சேமிப்போ இருக்கும் வீட்டுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான், குடிக்கவும் சமைக்கவும் அது, மற்றதெல்லாவற்றுக்கும் போர்வெல். குளிக்க, துவைக்க, மாட்டுத் தொழுவம் கழுவ அந்தத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. மாடு குடிப்பது வேறு, நாளெல்லாம் அதையே குடித்தால் மாட்டின் பல்லுக்கும் எலும்புக்கும் அதே கதிதான்.

தகடூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

பாலக்கோடு அண்ணா, உங்கள் பதிவைப் படித்த அன்றே முகம் தெரிகிற படங்களை எடுத்துவிட்டேன். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன், ஆனால் அந்தத் தாளில் படத்தை மேடையில் காட்டுவேன் என்று எழுதியிருக்கவில்லை, அதை அப்போது யோசிக்கவே இல்லை. வரைபடத்தில் போர்வெல் புள்ளிகளுக்குக் கீழே இருந்த தெருப் பெயர்களும் போய்விட்டன.

பிறகு வீடு வீடாகப் போனேன். வாத்தியார் சொன்ன கேள்வியையும் கேட்டுக்கொண்டு, அளவையும் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டதில் ஒன்று புரிந்தது, குழாய் வந்த வருடத்தை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. குழாய் இருந்தும் தண்ணீர் வராத நாளில் போர்வெல்தான், தெருக்கோடியில் மேடான பக்கத்து வீடுகளுக்கு அழுத்தம் பற்றாமல் பெரும்பாலும் போர்வெல்தான். ஆகவே பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறேன், ஐந்து வயது வரை குழாய் மட்டும், போர்வெல் மட்டும், இரண்டும் கலந்து. எண்ணிக்கை சின்னது, அதனால் பெரிய கணக்கெல்லாம் போடவில்லை, மூன்று பட்டையாக வரைந்து பல் மருத்துவர் கொடுத்த டீன் தரத்தை அப்படியே காட்டப் போகிறேன். பல்லைப் பார்த்தபோது எந்தப் பிள்ளை எந்தத் தண்ணீர் என்று மருத்துவருக்குத் தெரியாது, அதைத் தற்செயலாகத்தான் அப்படிச் செய்தோம், ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் கைடு சொன்னார்.

தமிழில்தான் பேசப் போகிறேன். நேற்று வீட்டில் கடிகாரம் வைத்துப் பேசிப் பார்த்தேன், அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் கேட்டார்கள். எட்டு ஸ்லைடு, ஒன்பதரை நிமிடம். பயோஅவைலபிலிட்டி என்று சொன்ன இடத்தில் இரண்டு பேர் முகமும் மாறியது, அதை "குடித்ததில் உடம்பு எடுத்துக்கொள்ளும் பங்கு" என்று மாற்றினேன், அத்தை உடனே "அப்போ கேழ்வரகு சாப்பிட்டா எடுத்துக்கிறது குறையுமா, அதுல சுண்ணாம்புச் சத்து இருக்கே" என்று கேட்டார். இந்தக் கேள்வி பேனலிலும் வரலாம் என்று தோன்றுகிறது. என்ன சொல்வது?

சுகாதார வாத்தியார்:

உங்கள் அத்தை சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். கால்சியம் குடலில் ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டால் உடம்பு எடுத்துக்கொள்வது குறையும், கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கால்சியம் போதாத பிள்ளைகளுக்குப் பாதிப்பு கடுமையாக இருப்பதும் இதனால்தான், ஒரே கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் இரண்டு வீட்டில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அதிகக் கறை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் களி கிண்டுவது எந்தத் தண்ணீரில் என்று திரும்பக் கேளுங்கள். போர்வெல் தண்ணீரில் கிண்டினால் அந்தத் தண்ணீர் முழுவதும் களிக்குள்தான் இருக்கிறது. கேழ்வரகும் பாலும் உதவும், தண்ணீரை மாற்றுவதற்குப் பதிலாக அது ஆகாது என்று பேனலிடமும் சொல்லலாம், அத்தையிடமும் சொல்லலாம்.

மருத்துவருக்குத் தெரியாமல் பார்த்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். மூன்று பட்டைப் படத்தில் ஒவ்வொரு பட்டைக்கும் கீழே எத்தனை பிள்ளைகள் என்ற எண்ணைப் பெரிதாக எழுதிவிடுங்கள், சின்ன எண்ணிக்கை என்பதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அதைக் குறையாகக் கேட்க யாருக்கும் தேவை இருக்காது.

பாலக்கோடு:

நீங்கள் அளவு சொல்லப் போனபோது என்ன கேட்டார்கள்?

தகடூர்க்காரி:

ஆழ்துளை அண்ணா சொன்ன மாதிரி முதலில் எல்லோரும் கொதிக்க வைக்கலாமா என்றுதான் கேட்டார்கள். பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி மட்டும், பேத்திக்கு இரண்டு வயது, குழாய்த் தண்ணீர் ஒரு குடம்தான் கிடைக்கும் நாளில் அதைக் குடிக்க வைத்துக்கொள்வதா, உலைக்கு ஊற்றுவதா என்று கேட்டார். அந்த ஒரு குடத்தில் பேத்தி குடிப்பதற்கும் பேத்தியின் சோற்றுக்கும் முதலில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள் பாட்டி, மிச்சத்தைப் பெரியவர்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். உள்ளே போய் ஒரு சின்ன எவர்சில்வர் குடத்தை எடுத்து வந்து, இது போதுமா பார் என்று கேட்டார். ஐந்து லிட்டர் பிடிக்கும். போதும் என்று சொன்னேன்.